பத்தொன்பது ஒன்றுகள்

முரளிதரன் மேஜைமேல் இரண்டு சீட்டுகளைப் போட்டார். நான்காக மடித்த சின்னச் சீட்டுகள். விருந்தாளிக்கு வெற்றிலைத் தட்டை நகர்த்துகிறவர் போல விரலால் அவற்றை முன்னால் தள்ளினார்.

கிங்ஸ்லி ஒன்றை எடுத்தான். மற்றதைச் சொர்ணலதா எடுத்தாள்.

இருவரும் மைசூரில் அந்தக் கல்லூரியின் கணிதத் துறையில் கெஸ்ட் லெக்சரர்கள். அவன் ஒன்பது வருடமாக, அவள் பதினொரு வருடமாக. நிரந்தரம் என்ற பேச்சே கிடையாது. துறைத் தலைவர் முரளிதரன் வருடத்துக்கு ஒரு தடவை பெயரை எழுதி அனுப்பினால் அடுத்த வருடம் வகுப்பு உண்டு. எழுதாவிட்டால் போர்டில் இருந்ததை டஸ்டரால் துடைத்த மாதிரி ஆள் காணாமல் போக வேண்டியதுதான். இந்த ஆகஸ்டில் கணிதத்தில் சேர்ந்த பிள்ளைகளே இருபத்தெட்டுப் பேர். ஜனவரியிலிருந்து ஒரே ஒரு கெஸ்ட் லெக்சரர் போதும் என்று பிரின்சிபால் கைவிரித்துவிட்டார். அந்த ஒருவர் யார் என்று முரளிதரன் சொல்ல வேண்டும்.

அவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஒருவரை வெளியே அனுப்புவது அவருக்குப் பெரிய காரியமே இல்லை. எப்படி அனுப்புவது என்பதில்தான் அவருக்கு ருசி. நான்கு வருடத்துக்கு முன்னால் இரண்டு பேரை எதிரெதிரே நிற்க வைத்து, வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லி, பிள்ளைகளையே மார்க் போட வைத்தார். தோற்றவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். இன்றுவரை அந்தக் கதையை முரளிதரன் டீ குடிக்கும்போது சொல்வார்.

கிங்ஸ்லி சீட்டைப் பிரித்தான். வரிசையாக ஒன்றுகள். விரல் வைத்து எண்ணினான். பதினேழு. சொர்ணலதாவின் சீட்டில் பத்தொன்பது. வேறு இலக்கமே கிடையாது. அவளுடைய எண்ணை வாயால் சொல்ல வேண்டுமானால் பதினோராயிரத்து நூற்றுப் பதினோரு கோடி கோடி என்று ஆரம்பித்து மூச்சு வாங்க வேண்டும்.

"உடைக்கணும், அவ்வளவுதான்" என்றார் முரளிதரன். "எந்த எந்த எண்ணைப் பெருக்கினா இது வருதுன்னு கண்டுபிடிங்க. டிசம்பர்ல கணித தினத்தன்னைக்கு மேடையில யார் காட்டுறாங்களோ அவங்களுக்கு வேலை. ரெண்டு பேரும் காட்டினா, பெங்களூர்ல இருந்து வர்ற ரிடையர்ட் கணக்கு புரொபசர் கௌரம்மா மேடம் தீர்ப்பு சொல்லட்டும்."

விதிகளையும் அவரே சொன்னார். தினமும் மாலை நான்கு முதல் ஆறு வரை துறை அறையில் உட்கார்ந்து செய்ய வேண்டும். போன், கால்குலேட்டர் எல்லாம் அவர் மேஜையில் இருக்கும். பேப்பரும் பேனாவும் மட்டும். எழுதிய நோட்டு, ரஃப் தாள் எதுவும் வீட்டுக்குப் போகாது. இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். கடைசியில் செய்த வேலையைச் சார்ட்டில் எழுதி மேடையில் மாட்ட வேண்டும்.

சொர்ணலதா சீட்டைக் கண்ணெதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொள்ளேகாலைத் தாண்டிய ராமாபுரத்துக்காரி. முப்பத்தொன்பது வயது. கணவன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் மனிஷா இங்கே பி.யூ.சி. படிக்கிறாள். பயந்துபோய் நிற்பாள் என்று கிங்ஸ்லி எதிர்பார்த்தான். அவள் முகத்தில் இருந்தது பசி.

வீட்டுக்குப் போகிற வழியில் தேவராஜ மார்க்கெட்டில் இறங்கினான். காய்கறி வரிசையில் நின்றபடியே போனை எடுத்துப் பதினேழு ஒன்றுகளைத் தட்டினான். கண் இமைப்பதற்குள் விடை வந்தது. 2071723, 5363222357. இரண்டையும் பெருக்கினால் பதினேழு ஒன்றுகள். மூட்டை தூக்குகிற ஒருவர் தோளில் இடித்துவிட்டு, ஓரமாக நிற்கக் கூடாதா என்று கன்னடத்தில் திட்டிக்கொண்டு போனார். கிங்ஸ்லி ஓரமாக நின்று, எதற்கும் இருக்கட்டும் என்று பத்தொன்பது ஒன்றுகளையும் தட்டினான்.

பகா எண் என்று வந்தது.

எண்ணியதில் தப்போ என்று மறுபடி எண்ணித் தட்டினான். அதே விடைதான். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் அது வகுபடாது. அதை உடைக்கச் சொல்வது பாறையில் தலையை முட்டச் சொல்வது. முரளிதரனுக்குத் தெரியாமலா இருக்கும்.

வீட்டில் ஜேன் நைட் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தனியார் மருத்துவமனையில் நர்ஸ். யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டபடியே கேட்டுக்கொண்டாள். நாளைக்குச் சொர்ணாவிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றான் கிங்ஸ்லி. ஜேன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"சொல்லிட்டு? நாப்பத்துமூணு வயசுல எங்க போய் நிப்பீங்க? நீங்களா அந்தச் சீட்டை அவங்க கையில கொடுத்தீங்க?"

மறுநாள் அவன் சொர்ணலதாவிடம் எதுவும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழிந்தபின், இனிமேல் சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்பது ஒரு நல்ல காரணமாக அமைந்துவிட்டது.

மாலை நான்கு மணி ஆனால் இருவரும் நீள மேஜையின் இரு முனைகளில் உட்காருவார்கள். அவள் தலை குனிந்தால் ஆறு மணிக்குத்தான் நிமிருவாள். கிங்ஸ்லிக்கு வேறு விதமான பிரச்சினை. விடை தெரியும், வந்த வழி தெரியாது. நோட்டை நிரப்ப வேண்டுமே என்று மூன்று, ஏழு, பதினொன்று என்று வரிசையாக வகுத்து எழுதிக்கொண்டிருந்தான். ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்தவள் அவன் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, இப்படிப் பண்ணுனா ஆயுசு பத்தாதுங்களே."

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். பதினேழு ஒன்றுகளை வகுக்கிற பகா எண் எதுவானாலும் அது முப்பத்துநான்கின் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்கும். மற்ற எண்களைத் தொடவே வேண்டாம். அவளுடைய பத்தொன்பதுக்கு முப்பத்தெட்டின் மடங்கு. ஏன் என்பதையும் அரைப் பக்கத்தில் எழுதிக் காட்டினாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்பது அவரவர் அதிர்ஷ்டம், மனதில் ஏதாவது ஒரு எண் பட்டால் அங்கிருந்து பிடியுங்கள் என்றாள்.

அன்றைக்கே கிங்ஸ்லிக்கு மனதில் பட்டுவிட்டது. இருபது லட்சம். அங்கிருந்து 2071723-க்கு, பகா எண் அல்லாதவற்றைத் தள்ளிவிட்டால், முந்நூற்றுச் சொச்சம் வகுத்தல்கள்தான். இனி நிதானமாக, உண்மையாகவே வகுத்து, உண்மையாகவே மீதி வந்து, டிசம்பர் முதல் வாரத்தில் விடையை 'அடையலாம்'. இத்தனை நேர்மையான நோட்டை அவன் வாழ்நாளில் எழுதியதில்லை. அதை எழுதக் கற்றுக்கொடுத்தவள் மேஜையின் மறுமுனையில் வகுபடாத எண்ணை வகுத்துக்கொண்டிருந்தாள்.

முரளிதரன் அவ்வப்போது உள்ளே வருவார். அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். "விடாதே சொர்ணம்மா, பக்கத்துல வந்துட்டே" என்பார். போகும்போது கிங்ஸ்லியைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவார். முதல் தடவை கிங்ஸ்லி நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அப்புறம் பழகிப்போனது. அக்டோபரில் அவனும் பதிலுக்குச் சிரித்தான்.

தசரா விடுமுறை முடிந்து வந்த முதல் நாள், சொர்ணலதா நோட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, இது உடையாதுங்க."

கிங்ஸ்லியின் பேனா நின்றது. யார் சொன்னார்கள் என்று கேட்டான். யாரும் சொல்லவில்லை, இத்தனை வகுத்தும் ஒன்றுகூட ஒட்டாததால் வந்த சந்தேகம்தான், எந்த எண்ணாக இருந்தாலும் உடையுமா என்றுதான் முதலில் பார்த்திருக்க வேண்டும், சார் உடை என்று சொன்னதால் உடையும் என்று நம்பிவிட்டேன், பத்து வாரம் வீணாகப் போய்விட்டது என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை, தன்மேல் எரிச்சல்தான். பிறகு சிரித்தாள்.

"ஆனா இதுல ஒண்ணைக் குறைச்சுப் பாருங்கண்ணா. பக்கத்து வீட்டு எண். அது சுக்குநூறா உடையுதுங்க. பக்கத்து வீட்டுல விசாரிச்சா இந்த வீட்டு விஷயம் தெரிஞ்சுபோகுமுங்க."

எழுதிக் காட்டினாள். இரண்டு, மூன்று, மறுபடி மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பத்தொன்பது, முப்பத்தேழு, 52579, 333667. எல்லாவற்றையும் பெருக்கினால் பக்கத்து வீட்டு எண். இவை கையில் இருந்தால் இந்த எண் உடையவே உடையாது என்று நிரூபித்துவிடலாம். அதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. மூன்றில் ஆரம்பித்து, ஒவ்வொரு படியிலும் வந்ததை அதனாலேயே பெருக்கி, இந்த எண்ணால் வகுத்த மீதியை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும், சில படிகளில் கூடவே ஒரு மூன்றாலும் பெருக்கி. ஐம்பத்தொன்பது படி. கடைசியில் ஒன்று வர வேண்டும். கூடவே சில கிளைக் கணக்குகள். அவற்றில் ஒன்று வரக் கூடாது. அவ்வளவும் நடந்தால் முடிந்தது.

பத்தொன்பது இலக்க எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் முப்பத்தெட்டு இலக்கம் வரை நீளும். அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். எண் முழுக்க ஒன்றுகள் என்பதால், பத்தொன்பதாவது இடத்தைத் தாண்டிய இலக்கங்களை வெட்டியெடுத்து, இந்தப் பக்கத்து இலக்கங்களோடு கூட்டிவிட்டால் போதும். சேலையை நடுவில் மடிப்பதுபோல எண்ணை மடித்தாள். ஒவ்வொரு படியும் முடிந்ததும் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதுகளைத் தள்ளி, மீதியை வைத்துச் சரிபார்ப்பாள். சரியாக இருந்தால் ஓரத்தில் ஒரு சின்ன டிக்.

கிங்ஸ்லி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மட்டமான கணக்கு வாத்தியார் இல்லை. பதினேழு ஒன்றுகளை உடைப்பது ஒரு வித்தை. பத்தொன்பது ஒன்றுகள் உடையாது என்று கையால் நிரூபிப்பது வேறு ரகம். கௌரம்மா முன்னால் இரண்டையும் வைத்தால் யார் பக்கம் தீர்ப்பு வரும் என்பதைச் சொல்ல யாரும் வேண்டியதில்லை.

டிசம்பர் ஏழாம் தேதி, சனிக்கிழமை, ஐந்தே முக்கால் மணிக்கு ஐம்பத்தொன்பதாவது படியில் ஒன்று வந்தது. பதினெட்டு பூஜ்யங்கள், கடைசியில் ஒரு ஒன்று. சொர்ணலதா பேனாவை மூடி வைத்துவிட்டு, உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைக்கிற சின்னப் பெண் மாதிரி சேலையில் துடைத்துக்கொண்டாள். அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் வாழ்த்தினான். திங்கட்கிழமை டப்பாவில் ஒப்பட்டுப் போளி கொண்டுவந்து முரளிதரனுக்கு இரண்டு, அவனுக்கு நான்கு வைத்தாள்.

சார்ட் எழுதுகிற வேலை வந்தது. கல்லூரியில் ரேங்க் லிஸ்ட்டிலிருந்து வரவேற்பு வளைவு வரை எழுதுவது கிங்ஸ்லிதான். அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. சொர்ணலதாவின் எழுத்து கோழி கிளறியது. அண்ணா எழுதிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றாள். முரளிதரனிடம் அனுமதி கேட்டார்கள். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தாராளமாக எழுதட்டும் என்று பீரோவைத் திறந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

அன்று அவளுக்கு ஐந்து மணி வரை வகுப்பு. கிங்ஸ்லி தனியாக உட்கார்ந்து எழுதினான். ஒவ்வொரு படியும் ஒரு வரி. நாற்பது வரிகள் வரை ஒரு இலக்கம் பிசகாமல் எழுதினான். ஒன்பது தள்ளிச் சரிபார்த்து அவனே டிக்கும் போட்டான். நாற்பத்தொன்றாவது வரியில் நடுவில் ஓர் ஏழும் நாலும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஸ்கெட்ச் பேனாவின் முனை தாளுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது.

இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. ஏழும் நாலும் பதினொன்று. நாலும் ஏழும் பதினொன்று.

நாலை முதலில் எழுதினான்.

வகுப்பு முடிந்து வந்தவள் கை கால்கூடக் கழுவாமல் சார்ட்டின் முன் உட்கார்ந்தாள். ஐம்பத்தொன்பது வரிகளையும் இலக்கம் இலக்கமாகக் கூட்டி, ஒன்பது தள்ளி, நோட்டின் ஓரத்தில் இருந்த மீதிகளோடு ஒத்துப் பார்த்தாள். நாற்பத்தொன்றாவது வரியில் அவள் விரல் ஊர்ந்தபோது கிங்ஸ்லி ஜன்னல் வழியாகச் சாமுண்டி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு தப்பு இல்லீங்கண்ணா" என்றாள். "கடவுள் மாதிரி எழுதியிருக்கீங்க."

நோட்டு பீரோவுக்குப் போனது. சார்ட்டைச் சுருட்டி முரளிதரன் தன் அறையில் வைத்துக்கொண்டார்.

கணித தின விழாவுக்கு முந்நூறு பிள்ளைகள் அரங்கில் இருந்தார்கள். முதல் வரிசையில் மனிஷா. அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி முரளிதரனின் தம்பி மகள் ஸ்வாதி. போன வருடம்தான் எம்.எஸ்சி. முடித்தவள். கௌரம்மா எழுபது வயதிலும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னடத்தில் சுருக்கமாகப் பேசுகிறவர்.

கிங்ஸ்லி முதலில் போனான். இரண்டு எண்களையும் போர்டில் பெருக்கிக் காட்டினான். கடைசி ஒன்று விழுந்ததும் அரங்கம் கைதட்டியது. கௌரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 2071723-க்கு முன்னால் எந்த எண்ணால் வகுத்தீர்கள்? வேலை செய்யாமல் விடையை மட்டும் கொண்டுவந்தவன் அங்கே மாட்டியிருப்பான். கிங்ஸ்லி திணறவே இல்லை. 2071689 மூன்றால் வகுபடும், 2071655 ஐந்தில் முடியும், இரண்டையும் விட்டுவிட்டேன். அதற்கு முந்தைய 2071621-ஆல் வகுத்தேன், மீதி வந்தது என்றான். முப்பத்துநான்கின் கணக்கையும் விளக்கினான். கௌரம்மா தலையசைத்தார். கீழே சொர்ணலதா எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள்.

அவள் முறை வந்தது. என் எண் உடையாது, உடையாது என்பதற்கு நிரூபணம் இது என்று ஆரம்பித்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முரளிதரனும் சிரித்தார். கௌரம்மா மட்டும் நாற்காலியின் நுனிக்கு வந்தார். பக்கத்து வீட்டு எண், மடிப்பு, ஐம்பத்தொன்பது படிகள் எல்லாம் கேட்டு முடித்ததும், அந்த எண் பகா எண்தான் என்று எனக்குத் தெரியும், ஆனால் கையால் ஒருவர் இங்கே வந்து சேர்ந்து நான் பார்த்ததில்லை என்றார்.

அப்போது முரளிதரன் எழுந்தார். எல்லாவற்றையும் நம்பிவிட முடியாது, ஏதாவது ஒரு படியைப் போர்டில் செய்து காட்டட்டும் என்றார். நியாயம்தான் என்றார் கௌரம்மா. எந்தப் படி?

"நாற்பத்தொண்ணு" என்றார் முரளிதரன். "சும்னே, சும்மா ஏதோ ஒண்ணு."

கிங்ஸ்லி அவரைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை.

சொர்ணலதா சாக்பீஸை எடுத்தாள். நாற்பத்தொன்றாவது வரியைப் போர்டில் எழுதிப் பெருக்கினாள். பத்தொன்பது வரிகள் படிக்கட்டு மாதிரி இறங்கின. கூட்டினாள், மடித்தாள். அது சார்ட்டில் இருந்த நாற்பத்திரண்டாவது வரியாக வர வேண்டும். வரவில்லை. ஒன்பது தள்ளிப் பார்த்தாள். மீதி சரியாக இருந்தது. எண் மட்டும் வேறாக இருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். இருபது நிமிடம். பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் விசில் அடித்தான். மனிஷா தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாவது தடவையும் அதே தப்பான எண்தான் வந்தது.

சாக்பீஸ் தூள் முழங்கை வரை ஏறியிருந்தது. சொர்ணலதா சார்ட்டின் அருகே போய் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், நாப்பத்தொண்ணு என்னோடது இல்லீங்க" என்றாள்.

கௌரம்மா அதைப் புரிந்துகொண்டார். நடுவில் ஒரு வரி தப்பாக இருந்து கடைசியில் ஒன்று வருகிறதென்றால், எழுதும்போது வந்த பிழையாகத்தான் இருக்கும். சார்ட்டை எழுதியது யார் என்று கேட்டார். முரளிதரன் கையை நீட்டிக் காட்டினார். முந்நூறு தலைகளும் கிங்ஸ்லி பக்கம் திரும்பின.

எழுந்து நின்றான். ஏழும் நாலும் அவன் கண்ணுக்குள் நின்றன. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவசரத்தில் மாறிவிட்டது என்று. யாரும் அவனைத் தூக்கிலா போடப்போகிறார்கள்? ஆனால் ஜனவரியில் பாடம் எடுக்கிறவள் அவளாக இருப்பாள்.

"அவங்க நோட்டுல இருந்ததை அப்படியே எழுதினேன் மேடம்."

நோட்டைக் கொண்டுவாருங்கள் என்றார் கௌரம்மா. முரளிதரன் சட்டைப்பையைத் தட்டினார், பேண்ட் பையைத் தட்டினார், பீரோ சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்றார். கிங்ஸ்லி நின்ற இடத்திலிருந்து, அவருடைய சட்டைப்பையில் கர்சீப்புக்குக் கீழே சாவிக் கொத்தின் நீல நாடா எட்டிப் பார்ப்பது தெரிந்தது. அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"நோட்டுலயும் தப்புன்னா கடைசியில ஒண்ணு எப்படி வரும்?" என்று முரளிதரன் அரங்கத்தைப் பார்த்துக் கேட்டார். "ஒண்ணு வரணும்னு தெரிஞ்சவங்க ஒண்ணு போட்டிருப்பாங்க. போன்ல எல்லாம் கிடைக்குதே இப்போ."

சிரிப்பு வந்தது, இந்தத் தடவை முன்வரிசையிலிருந்தும். நாற்பதாவது படியிலிருந்து செய்து காட்டுகிறேன், இன்னும் அரை மணி நேரம் கொடுங்கள் என்று சொர்ணலதா கேட்டாள். சாப்பாடு ஆறுகிறது என்றார் முரளிதரன். கௌரம்மாவின் முகம் மூடிக்கொண்டது. ஏமாற்றுகிறவர்களை அவர் மன்னிக்கிற ரகம் இல்லை. ஒரு படி பொய் என்றால் நிரூபணமே இல்லை என்று சொல்லிவிட்டு, கிங்ஸ்லியின் பெயரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவனுக்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மனிஷா, ரோட்டைப் பார்த்தபடி. கிங்ஸ்லி சண்டைக்குத் தயாராகத்தான் போனான்.

"உங்களைக் குத்தம் சொல்ல வரலீங்கண்ணா. நோட்டு இனிமே கைக்கு வராதுன்னு சார் சொல்லிப்போட்டாருங்க. ஒண்ணே ஒண்ணு தெரியோணும். நோட்டுல சரியாத்தானுங்க இருந்துச்சு? நாந்தான் எங்கியாவது தப்புப் பண்ணிப்போட்டனா?"

வேலை கையில் வந்துவிட்டது. இப்போது உண்மையைச் சொன்னாலும் எதுவும் மாறப்போவதில்லை. அவளிடம் சாட்சி இல்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அவள் கண்ணில் அது நிரந்தரமாக இருக்கும்.

"எனக்கு ஞாபகம் இல்ல சொர்ணா" என்றான். "இத்தனை இலக்கத்துல எதை ஞாபகம் வெச்சுக்கறது?"

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். அப்படியென்றால் நான்தான் தப்பு செய்திருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பஸ் வந்தது, தாயும் மகளும் ஏறிப் போனார்கள். ஜனவரியில் அவள் கொள்ளேகாலில் ஒரு டியூஷன் சென்டரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கிறாள் என்றும், ஒவ்வொரு கணக்கையும் நான்கு தடவை சரிபார்க்காமல் போர்டைத் தாண்டமாட்டாள் என்றும், பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றும் யாரோ சொன்னார்கள். கிங்ஸ்லி பேச்சை மாற்றினான்.

அவனுக்கு அந்த வருடம் நன்றாகவே போனது. வகுப்பு முழுக்க அவனுடையது. ஜேன் நைட் டியூட்டியைக் குறைத்துக்கொண்டாள். முரளிதரன் முன்னைவிட அன்பாக இருந்தார்.

மறுபடி ஆகஸ்ட் வந்தது. முரளிதரன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே ஸ்வாதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜூலையிலிருந்து அவளுக்கும் வாரத்தில் இரண்டு வகுப்பு கொடுத்திருந்தார்கள். மேஜைமேல் இரண்டு சீட்டுகள் இருந்தன. ஜனவரிக்கு ஒரே ஆள்தான், பிரின்சிபால் பிடிவாதமாக இருக்கிறார் என்றார் முரளிதரன்.

ஸ்வாதியின் சீட்டில் பதினைந்து ஒன்றுகள். பிரித்த உடனே சிரித்துவிட்டாள்.

"பெரியப்பா, இது மூணால போகுமே."

கிங்ஸ்லி தன் சீட்டைப் பிரித்தான். விரல் வைத்து எண்ணினான். மறுபடியும் எண்ணினான். இருபத்துமூன்று. போன வருடம் போனில் இந்த வகை எண்களைத் துழாவியபோது அவன் அதைப் பார்த்திருக்கிறான். பதினேழு உடையும். பத்தொன்பது உடையாது. இருபத்துமூன்றும் உடையாது.

"உடையாதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார் முரளிதரன். "அதனால உடைக்க வேண்டாம். நிரூபிச்சா போதும். அதான் சொர்ணம்மா பண்ணும்போது பக்கத்துல இருந்து பார்த்தியே."

எழுந்து போய் இரும்பு பீரோவைத் திறந்தார். நீல நாடா கட்டிய சாவிக் கொத்து. உள்ளேயிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். கோழி கிளறிய எழுத்து. பக்கம் தேட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அந்த இடத்தில் காகிதம் மடித்து வைத்திருந்தார். நோட்டை அவன் பக்கம் திருப்பி, ஒரு வரியின் நடுவில் நகத்தை வைத்தார். ஏழு, நாலு.

"சார்ட்டை என் ரூம்ல வெச்ச அன்னைக்கே ஒத்துப் பார்த்தேன். கையெழுத்து அவ்வளவு அழகா இருக்கேன்னு ஆசையா பார்த்தேன்." நோட்டை மூடி வைத்தார். "நீ இவ்வளவு தூரம் போவேன்னு நான் நினைக்கலை கிங்ஸ்லி. அன்னைக்கு மேடையில உன் முகத்தைப் பார்க்கத்தான் நாற்பத்தொண்ணைக் கேட்டேன்."

இருபத்துமூன்று இலக்க எண், எழுபத்துமூன்று படிகள். சொர்ணலதா எப்படி மடித்தாள் என்பது கிங்ஸ்லிக்குத் தெரியும். ராத்திரி பகலாக உட்கார்ந்தால் முடிக்கக்கூட முடியலாம். கடைசியில் ஒன்று வரவைக்கலாம். நோட்டு பீரோவில் இருக்கும். சாவி இவரிடம் இருக்கும்.

"சார், சார்ட்டை நானே எழுதிக்கறேன்" என்றான்.

"பேடா பேடா, வேண்டாம்ப்பா, உனக்கு எதுக்குச் சிரமம்? போட்டியில இருக்கறவங்களுக்கு அடுத்தவங்க எழுதறதுதான் நம்ம வழக்கம் ஆயிடுச்சே." முரளிதரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உன்னோடதை ஸ்வாதி எழுதுவா."

ஸ்வாதி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாததுபோலத்தான் இருந்தது, தெரிந்தும் இருக்கலாம்.

"எழுதித் தர்றேன் சார்" என்றாள் கிங்ஸ்லியிடம். "ஒரு இலக்கம் மாறாது."

மணி நான்கு அடித்தது. முரளிதரன் கையை நீட்டினார். கிங்ஸ்லி போனை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தான்.